விழ மறுத்தவன்

மூன்றாவது நிமிடத்தில் சுரேஸ் விழுந்திருக்க வேண்டும். காலிதீன் கயிற்றில் மோதித் திரும்பி ஓடிவந்து, முழங்கையை மடித்து, நெஞ்சில் பட்டும் படாமலும் வீசினான். சுரேஸ் அசையவில்லை. மேலே வந்து உட்கார்ந்த ஈயைத் தட்டுகிறவனைப்போல அந்தக் கையை ஒதுக்கிவிட்டு, கால்களை அகட்டி நின்றுகொண்டான்.

சனம் சிரித்தது.

சாய்ந்தமருதுக் கடற்கரைத் திடலில் அன்றைக்கு எண்ணூறு பேருக்குக் குறையாது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை. பள்ளிவாசல் நிர்வாகத்தார் இரண்டு நிபந்தனைகளோடுதான் அனுமதி கொடுத்திருந்தார்கள்: பொழுதுபட்டுத் தொழுகிற மஃரிபுக்கு முதல் எல்லாம் முடிந்துவிட வேண்டும், மல்லர்கள் முழங்கால் மறைய உடுத்த வேண்டும். பின்னேர அசர் தொழுகை முடிந்ததும் ஆட்கள் வரத் தொடங்கி, கடைசி ஆட்டத்துக்கு மதில்மேலும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கென்று மேற்குப் பக்கத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். எட்டு வருடமாக இந்தக் குழு ஒலுவில், அக்கரைப்பற்று, மட்டக்களப்பு என்று போய் ஆடியிருக்கிறது. சொந்த ஊரில் மேடை போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இது முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டம் என்று பார்க்க வந்தவர்களில் பாதிப்பேருக்குத் தெரியும். மற்றப் பாதிக்கும் தெரியும். தெரியாததுபோல இருப்பதில்தான் அவர்களுக்குச் சந்தோசம். காலிதீன் நல்லவன், சுரேஸ் கெட்டவன். கெட்டவன் முதலில் கள்ள அடி அடிப்பான், நடுவரை ஏமாற்றுவான், சனத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டுவான். கடைசியில் நல்லவன் அவனைத் தோளுக்குமேல் தூக்கி முதுகு அடிபட விழுத்துவான். அந்தக் கடைசித் தூக்கலுக்கு அவர்களே வைத்த பெயர் ‘மூட்டை’. பன்னிரண்டாவது நிமிடத்தில் மூட்டை, நடுவர் மூன்று எண்ணுவான், முடிந்தது.

காலிதீனுக்கு முப்பத்தேழு வயது. சாய்ந்தமருதில் மேசை கட்டில் செய்கிற தளபாடப் பட்டறை வைத்திருந்தான். ஆறு வருடம் கத்தாரில் கதவு, அலுமாரி பொருத்துகிற வேலை செய்தபோது, வெள்ளிக்கிழமைகளில் ஒரு பிலிப்பீன்காரன் நடத்திய றெஸ்லிங் வகுப்புக்குப் போய் இந்த வித்தையைப் பழகினான். ஊருக்கு வந்ததும் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்று போட்டு, பழைய லொறி டயர்களை அடுக்கி, அவற்றின்மேல் பலகையும் மெத்தையும் விரித்து, மீன்பிடிக் கயிற்றுக்குத் தண்ணீர்க் குழாயை உறையாகப் போட்டு ஒரு மேடையைச் செய்தான். அந்தக் கொட்டிலுக்குப் பக்கச் சுவர் கட்ட வந்த மேசன்தான், கிட்டத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்த சுரேஸ். மூன்றாம் நாள் வேலை முடிந்து கை கழுவிவிட்டு, “மச்சான், இதில ஒருக்கா ஏறிப் பாக்கட்டா?” என்று கேட்டான்.

ஏறினான். விழச் சொன்னார்கள். விழுந்தான். காலிதீனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

விழுகிறதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை. எண்பத்தைந்து கிலோ இருக்கிற ஒருவனைத் தனி ஆளாகத் தோளுக்குமேல் தூக்க எவராலும் ஏலாது. தூக்கப்படுகிறவன் சரியான நேரத்தில் ஒரு துள்ளுத் துள்ள வேண்டும், தன் கையைத் தூக்குகிறவனின் இடுப்பில் ஊன்றிப் பாரத்தில் பாதியைத் தான் எடுக்க வேண்டும், கீழே வரும்போது நாடியை நெஞ்சோடு மடக்கி முதுகு முழுவதையும் ஒரேயடியாகப் பலகையில் கொடுக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குத் தூக்குகிறவனின் பலம்தான் தெரியும். சுரேஸ் விழுந்தால் முன்வரிசையில் இருக்கிறவர்கள் கண்ணைப் பொத்துவார்கள். காலிதீனுக்கு ஊர் ஊராகப் பெயர் வந்தது சுரேஸ் விழுந்த விதத்தால்தான். அதைக் காலிதீன் அறிவான். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சொல்லாமல் விட்டது இன்னும் இருந்தது. 2019 ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டு வெடித்து, முஸ்லிம் ஊர்கள்மேல் சந்தேகம் விழுந்த பிறகு ஏழு மாதம் பாண்டிருப்பிலிருந்து யாரும் பயிற்சிக்கு வரவில்லை. சாய்ந்தமருதிலிருந்தும் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் காலிதீன் கொட்டிலைத் திறந்தபோது சுரேஸ் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றான். உள்ளே வந்து விளக்குமாற்றை எடுத்து மெத்தையைக் கூட்டினான். இவ்வளவு நாளும் ஏன் வரவில்லை என்று காலிதீன் கேட்கவில்லை. அன்றைக்கு ஏன் வந்தான் என்று சுரேஸும் சொல்லவில்லை. இரண்டு பேரும் மேடையில் ஏறினார்கள், ஒருவனை ஒருவன் தூக்கினார்கள். அதற்குப் பிறகு அதுவே பழக்கமாகிப் போனது. உடம்பை ஒருவனிடம் ஒருவன் முழுசாக ஒப்படைத்தார்கள். வேறெதையும் ஒப்படைக்கவில்லை.

அப்படிப்பட்ட சுரேஸ்தான் அன்று விழாமல் நின்றான்.

காலிதீன் கிட்டப் போய்க் கழுத்தைப் பிடிப்பதுபோல வளைத்து, அவன் காதில் கேட்டான்: “என்னடா? மறந்துட்டியா?”

சுரேஸின் கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தை வளைத்த கையை உதறிவிட்டு ஒதுங்கினான்.

அடுத்தது, கையைப் பிடித்து இழுத்துக் கயிற்றில் எறிவது. சுரேஸ் போகவில்லை. கால் தட்டி விழுத்துவது. விழவில்லை, காலைத் தூக்கிக்கொண்டான். காலிதீன் தானே தடுமாறி முழங்காலில் விழுந்தான். மதில்மேல் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். நடுவராக நின்ற ஸாஜித் — கல்முனையில் தொலைபேசிக் கடை வைத்திருப்பவன், குழுவின் எல்லா ஏற்பாடுகளையும் செய்கிறவன் — இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, சண்டையை விலக்குவதுபோல நடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: “சுரேஸ், ஊர்ச்சனம் முழுக்கப் பாத்துட்டு இருக்கு. மானத்த வாங்காத.”

அந்த நேரத்தில் கிழக்குப் பக்கத்திலிருந்து யாரோ ஒருவன் காலிதீனைப் பார்த்துக் கத்தினான்.

“பாண்டிருப்பான விடாத காக்கா! போடு!”

இரண்டு மூன்று பேர் அதை எடுத்துக் கத்தினார்கள். பெரிய சத்தமில்லை. கூடவே யாரோ ஒரு பெரியவர் “வாய மூடுங்கடா” என்று அதட்டியதும் கேட்டது. ஆனால் அந்தச் சொல் காலிதீனின் காதுக்குள் போய்விட்டது. போனதும் ஒரு எண்ணம் எழுந்தது. இவன் என் ஊரில், என் சனத்துக்கு முன்னால் எனக்குத் தோற்க மாட்டேன் என்கிறான். அக்கரைப்பற்றில் விழுவான், மட்டக்களப்பில் விழுவான், இங்கே மட்டும் விழமாட்டான். எட்டு வருடமாக இதைத்தான் உள்ளே வைத்திருந்தானா?

முழங்கையை மடித்து மறுபடியும் வீசினான். இந்தமுறை உண்மையாகவே அடித்தான். கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் பட்டது. அந்தச் சத்தம் வேறாக இருந்தது; மேடைப் பலகையில் காலை உதைத்து எழுப்புகிற பொய்ச் சத்தம் இல்லை. சனத்துக்கும் அது புரிந்தது. அன்றைக்கு முழுக்க எழாத ஆரவாரம் எழுந்தது.

சுரேஸின் இடது கை தளர்ந்து தொங்கியது. முகம் வெளுத்துப்போனது. அதையும் காலிதீன் திமிராகவே பார்த்தான். குனிந்து அவன் தொடைக்கிடையில் தோளைக் கொடுத்து, ஒரு கையால் இடுப்பு வாரைப் பிடித்து மூட்டையைத் தூக்கினான். சுரேஸ் துள்ளவில்லை, கையை ஊன்றவில்லை. நெல் ஆலையில் நனைந்துபோன மூட்டையைத் தூக்குகிறமாதிரி இருந்தது. கோபம் கொடுத்த பலத்தில் எழும்பினான். தோளுக்கு மேலே, இரண்டு தோளுக்கும் குறுக்காக, சுரேஸ் கிடந்தான். கீழே ஸாஜித் பதறி, “மெதுவா, மெதுவா” என்றது கேட்டது. சனம் கையைத் தட்டி எண்ணத் தொடங்கியது.

அப்போதுதான் சுரேஸ் கதைத்தான். அவன் வாய் காலிதீனின் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

“விடாத மச்சான். கழுத்து... கை விறைச்சுப் போச்சு. விழுத்தினா நான் முடிஞ்சன். விடாத.”

காலிதீனின் உடம்பில் இருந்த கோபம் அந்த நிமிடமே இறங்கிப்போனது. கோபம் இறங்கியதும் பலமும் இறங்கியது. எண்பத்தைந்து கிலோ தோளில் இருக்கிறது, சாய்ந்தால் இவன் தலைகீழாகப் போவான். கலிமாவை முணுமுணுத்துக்கொண்டு ஒரு முழங்காலை மடித்தான். பலகையில் ஊன்றினான். அடுத்த முழங்காலையும் ஊன்றினான். பிறகு, முன்பக்கமாக விரல் விரலாகச் சரிந்து, இடது கையைச் சுரேஸின் பிடரிக்கு அடியில் கொடுத்து, நித்திரையான பிள்ளையைப் பாயில் படுக்கவைக்கிறவனைப்போல மெத்தையில் கிடத்தினான்.

எண்ணிக்கொண்டிருந்த சனம் நிறுத்தியது.

“எழும்பாத,” என்று சொல்லி, அவன் நெஞ்சில் கையை வைத்தான். ஸாஜித்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வழக்கப்படி தரையில் தட்டி மூன்று எண்ணினான். காலிதீன் வென்றுவிட்டான். திடல் முழுக்கக் கூ என்று கத்தியது. தண்ணீர்ப் போத்தல் ஒன்று வந்து கயிற்றில் பட்டுத் தெறித்தது.

“ஆருக்கும் சொல்லாத,” என்றான் சுரேஸ், மெத்தையில் கிடந்தபடி. “சத்தியம் பண்ணு.”

“சரி.”

சுரேஸ் தானாகவே எழுந்தான். தலையை அசைக்காமல், வலது கையால் கயிற்றைப் பிடித்து இறங்கி, சனத்தின் கூச்சலுக்கிடையில் நேராக நடந்து போனான். உடுப்பை மாற்றாமலே யாரோ ஒருவரின் ஓட்டோவில் ஏறிப் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது.

கூடாரத்துக்குள் மற்றவர்கள் காலிதீனைச் சுற்றிக்கொண்டார்கள். ஆறு பேர், எல்லாருக்கும் கோபம். ஸாஜித் நடுவர் சட்டையைக் கழற்றிக் கதிரையில் எறிந்தான்.

“அவன் பைத்தியம் புடிச்சு நிண்டான், சரி. நீ ஏன்டா அப்படி இறக்கினாய்? தூக்கிட்டாய்தானே? போட்டிருந்தா எல்லாம் சரியா வந்திருக்கும். எட்டு வருசம் கட்டின பேரு, காலிதீன்.”

“எனக்கு முழங்கால் வழுக்கிட்டு.”

“வழுக்கினமாதிரித் தெரியல்ல.”

“வழுக்கிட்டு எண்டு சொல்றன்தானே.”

“அவன இனிக் குழுவில வெச்சிருக்க ஏலா,” என்றான் ஸாஜித். வெளியே மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. தொழப் போகிற சாட்டில் எல்லாரும் கலைந்தார்கள்.

வீட்டில் காலிதீனின் மனைவி றஸ்னா தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் இரண்டு வீடியோக்கள் சுற்றத் தொடங்கிவிட்டன. ஒன்றில் அந்த உண்மையான அடி. அதை மட்டும் வெட்டியெடுத்து மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். மற்றதில் அவன் சுரேஸைக் கிடத்துகிற காட்சி. பின்னால் யாரோ தாலாட்டைப் போட்டிருந்தார்கள்.

“இஞ்சேருங்க,” என்றாள் றஸ்னா, “சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். எனக்கு அடிக்கிறதப் பாக்கத்தான் ஒரு மாதிரி இருக்கி. அந்த அடி நீங்க அடிக்கிற அடி இல்லையே.”

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்தான், சாப்பிடவில்லை.

“அவர் ஒண்டும் சொல்லல்லையா?” என்று கேட்டாள்.

“சொன்னான். பிந்திச் சொன்னான்.”

மறுநாள் காலையில் பாண்டிருப்புக்குப் போனான். சுரேஸின் வீட்டு வாசலில் அவன் மனைவி தக்சாயினி முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை; அவளும் வீடியோவைப் பார்த்திருக்க வேண்டும்.

“வாங்க அண்ணா. பின்னால நிக்கிறார். வேலைக்கும் போகல்ல, ஒண்டும் கதைக்கிறாரும் இல்ல.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: “அண்ணா, இவருக்கு ஏதும் சுகமில்லையா? நாலு மாசமா தேத்தண்ணிக் கோப்பைய ரெண்டு கையாலயும் பிடிக்கிறார். கேட்டாச் சூடு எண்டுறார்.”

காலிதீன் “நான் கதைக்கிறன் தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனான்.

சுரேஸ் குளியலறைச் சுவருக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தான். வலது கையில் கரண்டி. சாந்து வைத்த பலகையை இடது கையால் பிடிக்காமல், பழைய துணியால் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தான்.

“பலகைய ஏன்டா கட்டியிருக்காய்?”

“வழுக்குது.”

காலிதீன் அங்கே கிடந்த சீமெந்துக் கல் ஒன்றில் உட்கார்ந்தான். சுரேஸ் திரும்பாமலே பூசினான்.

“எப்ப இருந்து?”

“மாசி மாசம். ஒலுவில்ல ஆடினமே, அண்டைக்கு.”

ஒலுவிலில் போட்ட மூட்டையைக் காலிதீன் மனதுக்குள் திருப்பிப் பார்த்தான். அன்றைக்குக் காற்று, மேடை ஆடியது.

“நான் சரிச்சுப் போட்டேனா?”

“நீ சரியாத்தான் போட்டாய். நான்தான் நாடிய மடக்கப் பிந்திட்டன்.”

உண்மையைத்தான் சொல்கிறானா, தன்னைக் காப்பாற்றச் சொல்கிறானா என்று காலிதீனுக்குத் தெரியவில்லை. அது பிறகும் தெரியவரவில்லை.

“ஏன் சொல்லல்ல?”

“சொன்னா நிப்பாட்டுவாய்.”

“நிப்பாட்டத்தானே வேணும்.”

“அதான் சொல்லல்ல.” கரண்டியால் சாந்தை இழுத்து மட்டம் பார்த்தான். “மேசன் வேலைக்குக் கூப்பிட ஆயிரம் பேர் இருக்காங்க. ஆனா ஒரு ஊருக்குப் போனா, ‘அந்தா விழுறவன் வந்திட்டான்’ எண்டு சனம் எழும்பிப் பாக்கிறது இதில மட்டும்தான். அத விட ஏலாமப் போச்சு. ஏறினா எப்பிடியும் விழுந்திருவன் எண்டுதான் நினைச்சன். நீ ஓடி வரக்குள்ள கால் கேக்கல்ல. விழு, விழு எண்டு எனக்குள்ள சொல்றன், உடம்பு நிக்கிது. பயம் மச்சான். அவ்வளவு சனத்துக்கு நடுவில நிண்டு பயந்தன்.”

“அடிக்க முதல் காதுக்குள்ள கேட்டேனே. அப்பயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொல்லத்தான் வாயத் திறந்தன். வரல்ல.”

வாளியில் சாந்து காயத் தொடங்கியிருந்தது. காலிதீன் அதைப் பார்த்தான். வந்ததிலிருந்து நெஞ்சில் கிடந்ததைச் சொல்லாமல் எழுந்து போய்விடலாம். வழக்கப்படி அப்படித்தான் போயிருப்பான்.

“நான் வேற மாதிரி நினைச்சிட்டன் சுரேஸ்.”

“என்ன மாதிரி?”

“அங்க ஒருத்தன் கத்தினான்தானே.”

கரண்டி நின்றது. “எனக்கும் கேட்டது.”

“அது என்ட தலைக்குள்ள போயிட்டு. நீ என்ட ஊருக்கு முன்னால தோக்க மாட்டன் எண்டு நிக்கிறாய் எண்டு நினைச்சன்.”

சுரேஸ் அப்போதுதான் திரும்பினான். தலையை மட்டும் திருப்ப முடியாததால் முழு உடம்பையும் திருப்பினான். “அதோடதான் அடிச்சியா?”

“ஓம்.”

பக்கத்து வளவில் யாரோ தண்ணீர் மோட்டரைப் போட்டார்கள்; அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. காலிதீன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். சுரேஸ் தலையை அசைக்காமல் கையால் வேண்டாம் என்றான்.

“சாந்து இறுகப்போகுது. இந்தப் பலகையப் பிடி.”

துணியை அவிழ்த்துப் பலகையைக் கொடுத்தான். காலிதீன் பிடித்தான். ஒருவன் பிடிக்க மற்றவன் பூச, அந்தப் பக்கச் சுவர் முடிந்தது. முடித்துவிட்டுத் திரும்பியபோது தக்சாயினி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று இருவருக்கும் தெரியாது.

“ரெண்டு பேரும் ஆளையாள் தலைக்கு மேலால தூக்கி எறியிறீங்க,” என்றாள். “வாயத் திறந்து ஒரு கதை கதைக்க ஏலாதா? இவர் கழுத்து முறிஞ்சு கிடந்தா நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது? உங்களிட்டயா?”

“நாளைக்கு மட்டக்களப்புக்குக் கூட்டிட்டுப் போறன் தங்கச்சி. படம் எடுத்துப் பாப்பம்.”

“நானும் வாறன்,” என்றாள். “உங்க ரெண்டு பேரையும் நம்பி விடமாட்டன்.”

மூன்று பேரும் போனார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர், கழுத்தெலும்பு இரண்டுக்கு நடுவில் இருக்கிற தட்டு பிதுங்கிக் கைக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது என்றார். இப்போதைக்குச் சத்திரசிகிச்சை வேண்டாம். கழுத்துப்பட்டி போட்டு, பாரம் தூக்காமல் ஆறு மாதம் பார்ப்போம். இனி விழுகிற பேச்சே கூடாது. பிறகு படத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: “கிட்டடியில ஏதும் அடி பட்டதா?”

சுரேஸ் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான்.

“ஓம் டொக்டர்,” என்றான் காலிதீன். “முந்தநாள். நான்தான் அடிச்சன்.”

டொக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவனைப் பார்த்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்க நினைத்து, கேட்காமல் எழுதத் தொடங்கினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தக்சாயினி முன் ஆசனத்தில் நித்திரையாகிவிட்டாள். களுவாஞ்சிக்குடி தாண்டியபிறகு சுரேஸ் சொன்னான்: “ஸாஜித்துக்கும் பெடியன்களுக்கும் சொல்லு. சத்தியம் எல்லாம் வேணாம். இனி என்ன இருக்கு மறைக்க.” கொஞ்சத் தூரம் போனபிறகு, யன்னல் பக்கம் பார்த்தபடி, “நீ அடிச்சத மன்னிச்சிட்டன் காலிதீன். என்ன நினைச்சு அடிச்சாய் எண்டதுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்” என்றான்.

“எடு,” என்றான் காலிதீன்.

அந்தக் கொஞ்ச நாள் ஐந்து மாதமானது. அதற்குள் சுரேஸின் கையில் பாதிக்குமேல் உணர்வு திரும்பியது. சின்ன விரலும் அடுத்த விரலும் மட்டும் இன்னும் சரியாகவில்லை. கல் சுமக்காமல், அளந்து கணக்குப் பார்த்து ஆட்களை வைத்து வேலை செய்விக்கத் தொடங்கினான். காலிதீன் ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிருப்புக்குப் போனான். முதல் சில தடவை இருவரும் பேச விசயமில்லாமல் கடற்கரையில் வலை இழுக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் சுரேஸ் அந்த ஏழு மாதத்தைப் பற்றிச் சொன்னான். போகாதே என்று வீட்டில் யார் யார் தடுத்தார்கள், கடைசியில் ஏன் வந்தான் என்று. காலிதீன் தன் பக்கத்தைச் சொன்னான். அந்த நாட்களில் பாண்டிருப்புச் சந்தியால் போகப் பயந்து வயல்பக்கமாகச் சுற்றிப்போனதைச் சொன்னான். சொல்லி முடித்ததும் இருவருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறும் போனான்.

சுரேஸ் கொட்டிலுக்கு வரவில்லை. காலிதீன் கூப்பிட்டான். நடுவராக நில், சின்னவர்களுக்குப் பழக்கு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தான். “விழ ஏலாட்டி எனக்கு அங்க என்ன வேலை?” என்றான் சுரேஸ். அதில் கோபம் இருக்கவில்லை. காலிதீன் பிறகு கேட்கவில்லை.

குழுவுக்கு வேறொரு பிரச்சினை வந்தது. அந்த உண்மையான அடி வீடியோ இரண்டு லட்சம் பேர் பார்த்த வீடியோவாகிவிட்டது. ஆலையடிவேம்பில் விளையாட்டுக் கழகம் ஒன்று பெரிய மேடை போட்டுக் கூப்பிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: கடைசி ஆட்டம் அந்தமாதிரி இருக்க வேண்டும்.

“நாங்க இவ்வளவு காலம் உசிரக் குடுத்து ஆடினம், ஆரும் பாக்கல்ல,” என்றான் ஸாஜித். “ஒரு அடி, எல்லாரும் பாக்கிறாங்க. பவிதரனும் நீயும் ஆடுங்க. ஒண்டு ரெண்டு அடியச் சும்மா உண்மையா அடிச்சா என்ன? அவனுக்குச் சம்மதம்.”

பவிதரன் கல்முனைக்காரன், ஐஸ் தொழிற்சாலையில் வேலை. குழுவில் சேர்ந்து நாலு வருடம். அவன் தலையாட்டினான். “எனக்குப் பரவாயில்ல காலிதீன் அண்ணன். நல்ல உடம்புதானே.”

காலிதீன் மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தான். “நான் அடிக்க மாட்டன்,” என்றான். “அது வேற ஆக்கள் செய்யிற வேலை. அடிக்கிறதுக்கு ஆரும் பழகத் தேவல்ல, ரோட்டில போறவனும் அடிப்பான். அடிக்காம அடிக்கிறதத்தானே நாங்க பழகினம்.”

“அப்ப ஆலையடிவேம்ப விடுறதா?”

“போவம். எங்கட ஆட்டத்த ஆடுவம். புடிக்காட்டி கூக்காட்டட்டும். ஒருக்கா கேட்டாச்சுதானே, சாகல்ல.”

ஸாஜித் சலித்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். காலிதீன் எல்லாரையும் மேடையில் ஏறி வட்டமாக இருக்கச் சொன்னான். ஏழு பேர்.

“இண்டைக்குப் பயிற்சி தொடங்க முதல் ஒரு விசயம். ஒவ்வொருத்தனும் எங்க நோகுது எண்டு சொல்லணும். சின்னதோ பெரிசோ. சொல்லாதவன் மேடையில ஏற ஏலா.”

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

“பவிதரன்?”

“எனக்கு ஒண்டும் இல்லண்ணே.”

“றிபாத்?”

“ஒண்டுமில்ல காக்கா. சுகமா இருக்கன்.”

அப்படியே சுற்றி வந்தது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. காலிதீனுக்குச் சொல்லத் தெரியாத ஒரு களைப்பு வந்தது. எழுந்துவிடலாமா என்று பார்த்தான். பிறகு தன் சட்டையைக் கழற்றி, வலது தோளைக் காட்டினான்.

“இது கத்தார்ல கழண்டது. பத்து வருசத்துக்கு மேல. மழைக்காலத்தில ராவைக்கு இந்தப் பக்கம் சரிஞ்சு படுக்க ஏலா. உங்கள ஆரையாவது தூக்கிட்டு நிக்கக்குள்ள, இது விட்டுப்போயிருமோ எண்டு ஒவ்வொரு தரமும் பயப்படுறன். றஸ்னாக்கும் சொன்னதில்ல.”

தகரத்தில் காகம் ஒன்று நடந்தது.

முதலில் கதைத்தது ஸாஜித். நடுவர், ஒருநாளும் விழாதவன். “என்ட முழங்கால்,” என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். “சிரிக்காதீங்கடா. எண்ணுறதுக்கு ஒவ்வொரு முறையும் பாய்ஞ்சு விழுறன்தானே.” காற்சட்டையைச் சுருட்டிக் காட்டினான். முழங்கால் வீங்கித்தான் இருந்தது. சிரிப்பு அடங்கியது.

பிறகு றிபாத் தன் மணிக்கட்டை நீட்டினான். அடுத்தவன் இடுப்பைச் சொன்னான். பவிதரன் நெடுநேரம் மெத்தையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டு, விழுந்து எழும்பும்போது சில நேரம் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றான், போன வருடத்திலிருந்து.

“சில நேரம் எண்டா? எத்தன தரம்?” என்று கேட்டு, காலிதீன் அவனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான்.

அன்றைக்குப் பயிற்சி தொடங்க வெகு நேரமாகிவிட்டது.